தலைப்புக்கு உரிய எழுத்தைச் செய்திக்குப் போடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில் சில வாரங்களாக ஞாயிறு இணைப்பின் தலைப்புகள் புதிய எழுத்துரு ஒன்றில் வருகின்றன. நேர்க்கோடுகள் நன்கு தடித்தும், அவற்றை இணைக்கும் கிடைக்கோடுகளும் வளைவுகளின் முனைகளும் மயிரிழையாக மெலிந்தும் அமைந்த அந்த எழுத்து, பக்கத்தைத் திருப்பியதும் கண்ணை நிறுத்தி வைக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவரின் ரசனையை முதலில் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே எழுத்து இப்போது தலைப்பிலிருந்து கீழே இறங்கி, படக்குறிப்புகளுக்கும், அன்றாட நிகழ்ச்சிப் பட்டியலுக்கும், மின்தடை அறிவிப்புக்கும், கறுப்புப் பட்டையின் மேல் வெள்ளையாக வரும் மருத்துவ முகாம் விவரங்களுக்கும் வந்துவிட்டது. ஈய எழுத்து காலத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகத் தொடங்கி, இன்று சத்துவாச்சாரியில் சிறிய ஆஃப்செட் அச்சகம் நடத்துபவன் என்ற முறையில், அந்த எழுத்தின் இயல்பு என்ன, அது எங்கே சிறக்கும், எங்கே படிப்பவரைக் கைவிடும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

இவ்வகை எழுத்தின் தாயகம் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. அதற்கு முன்பு அங்கே புத்தக எழுத்துகள் பட்டைமுனைப் பேனாவின் கையெழுத்தை ஒட்டி வார்க்கப்பட்டவை. தடிப்பும் மெலிவும் அவற்றில் உண்டென்றாலும் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் கிடையாது. கூர்முனைப் பேனாவும் செப்புத் தகட்டில் செதுக்கும் கலையும் பரவிய பிறகுதான், அழுத்தினால் தடித்து, விட்டால் இழையாகிவிடும் கோட்டின் மீது மக்களுக்கு விருப்பம் பிறந்தது. ஆனால் அந்த இழையை ஈயத்தில் வார்த்துவிட்டாலும், அன்றைய சொரசொரப்பான காகிதத்தில் அது ஒழுங்காகப் பதியாது. பர்மிங்காம் நகரத்து ஜான் பாஸ்கர்வில் இதற்காகவே கருமை மிகுந்த மையைத் தயாரித்தார். அச்சடித்த தாளைச் சூடேற்றிய செப்புத் தகடுகளுக்கு இடையே அழுத்தி வழவழப்பாக்கினார். 1757இல் அவர் வெளியிட்ட முதல் நூலில், தாள் வார்க்கும் சல்லடையின் கம்பித் தடம் தெரியாத புதுவகைத் தாளையும் பயன்படுத்தினார். எழுத்தின் வடிவம் மாறுவதற்கு முன்பே தாளும் மையும் மாற வேண்டியிருந்தன என்பதை இங்கே கவனிக்க வேண்டுகிறேன், ஏனெனில் நான் சொல்ல வந்ததன் அடித்தளமே அதுதான்.

அவர் திறந்த வழியில் கடைசி எல்லை வரை சென்றவர்கள் பாரிசின் ஃபிர்மேன் டிடோவும், இத்தாலியின் பார்மா நகரில் இருந்த ஜாம்பட்டிஸ்டா பொடோனியும். 1768இல் பார்மா கோமகனின் அச்சகப் பொறுப்பை ஏற்ற பொடோனி, 1813இல் மறையும் வரை எழுத்து வெட்டுவதையே வாழ்வாகக் கொண்டிருந்தார். அவருடைய எழுத்து மாதிரிகளின் பெருந்தொகுப்பை அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1818இல், அவருடைய மனைவி அச்சிட்டு வெளியிட்டார். இன்று இணையத்தில் அதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். நான்கு பக்கமும் தாராளமான ஓரம், வரிக்கும் வரிக்கும் இடையே நல்ல இடைவெளி. அந்த எழுத்தின் அழகில் பாதி அதைச் சுற்றி விடப்பட்ட வெள்ளைதான் என்பது பார்த்தவுடன் விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் தோர்ன் போன்ற எழுத்து வார்ப்பவர்கள் இதே எழுத்தின் தடித்த பாகத்தை மட்டும் மேலும் மேலும் பருக்க வைத்து, லாட்டரிச் சுவரொட்டிகளுக்கும் நாடகச் சுவரொட்டிகளுக்கும் கொடுத்தார்கள். ஆக, ஒரே குடும்பத்தில் ஒரு கிளை அரண்மனை நூல்களுக்கும் மறு கிளை தெருச் சுவர்களுக்கும் போயிற்று. இரண்டிலுமே எழுத்து தன் முழு அழகைக் காட்டியது பெரிய அளவில்தான்.

இந்த எழுத்தை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் குணம் இன்னும் தெளிவாகும். ஆங்கிலத்தின் பெரிய 'எச்' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடித்த நேர்க்கோடுகள். நடுவில் அவற்றை இணைப்பது ஒரே ஒரு இழை. நேர்க்கோடுகளின் தலையிலும் காலிலும் செரிஃப் எனப்படும் முனைக்கோடு தட்டையான இழையாகக் கிடக்கும். பழைய எழுத்துகளில் அது நேர்க்கோட்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறு வளைவு தாங்கி நிற்கும், இதில் அந்தத் தாங்கலே கிடையாது. வட்டமான 'ஓ' எழுத்தில் இரு பக்கமும் பருத்து, உச்சியிலும் அடியிலும் மட்டும் கோடு மெலிந்துவிடும். சிறிய 'ஆர்', 'சி' போன்றவை ஓர் உருண்டைப் பொட்டில் முடியும். இத்தனை கண்டிப்பான ஒழுங்கும், அந்த ஒழுங்குக்கு நடுவே வரும் அந்த உருண்டைப் பொட்டின் குழைவும் சேர்ந்துதான் அதற்கு நகைக்கடைக்கும் பட்டுக்கடைக்கும் உரிய மிடுக்கைத் தருகின்றன. வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் போன்ற உலகப் புகழ்பெற்ற நவநாகரிக இதழ்கள் தங்கள் பெயரை இவ்வகை எழுத்தில் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

தமிழில் இதே முறையைப் பின்பற்றி வரையும்போது, தங்கள் தலைப்புகளில் உள்ளபடி, 'ப' என்ற எழுத்து இரண்டு தூண்களும் அடியில் ஓர் இழையுமாக ஆகிறது. 'ட' ஒரு தூணும் ஓர் இழையும். 'அ' எழுத்தில் வலப்பக்கத்து நேர்க்கோடும் சுழியின் இடப்பக்கமும் தடித்து, நடுவே செல்லும் கோடு மெலிகிறது. 48 பாயிண்ட் அளவில் (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவு, ஓர் அங்குலத்துக்கு 72) இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது. தமிழில் தலைப்பு எழுத்துகள் நெடுங்காலமாக ஒரே தடிப்பான கனத்த எழுத்துகளாகவே இருந்துவந்தன. அவற்றுக்கு மாற்றாக இப்படி ஒரு நயமான வடிவம் வருவது வரவேற்க வேண்டிய ஒன்றே.

சிக்கல் அளவைக் குறைக்கும்போது தொடங்குகிறது. ஈய எழுத்து காலத்தில் ஒவ்வொரு பாயிண்ட் அளவுக்கும் தனித்தனியாக எழுத்து வெட்டினார்கள். வெட்டுபவர் 8 பாயிண்டுக்கு வரும்போது மெல்லிய கோட்டைச் சற்றே கனமாக்குவார். எழுத்துக்குள் அடங்கிய வெற்றிடங்களான உள்வெளிகளைச் சற்று அகலமாக்குவார். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளியைக் கூட்டுவார். பெயர் ஒன்றாக இருந்தாலும் 8 பாயிண்ட் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், இருந்ததும் 48 பாயிண்ட் கேஸில் இருந்ததும் வேறு வேறு வரைவுகள். கணினியிலோ பெரும்பாலும் ஒரே வரைவுதான் எல்லா அளவுக்கும் சுருங்குகிறது, விரிகிறது. 72 பாயிண்டில் ஒரு பாயிண்ட் கனம் உள்ள இழை, அதே எழுத்தை 8 பாயிண்டுக்குச் சுருக்கும்போது ஒன்பதில் ஒரு பாயிண்ட் ஆகிவிடும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கு பங்கு. அச்சகங்களில் கால் பாயிண்டுக்குக் குறைந்த கோட்டை நம்ப வேண்டாம் என்றுதான் வாடிக்கையாளருக்குச் சொல்வோம்; கறுப்பில் வெள்ளையாக விட வேண்டுமானால் அரை பாயிண்டாவது வேண்டும் என்போம். அந்த இழை இந்த இரண்டு வரம்புக்கும் வெகு கீழே கிடக்கிறது.

இதை உணர்ந்துதான் வெளிநாட்டில் சில எழுத்துரு நிறுவனங்கள் பழைய முறைக்குத் திரும்பின. 1990களில் வெளிவந்த ஐடிசி பொடோனி என்ற எழுத்துரு 6, 12, 72 பாயிண்ட் என்று மூன்று அளவுகளுக்கு மூன்று வரைவுகளாகவே வந்தது. ஆனால் நம் ஊரில் கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி மையங்களில் புழங்குபவை பெரும்பாலும் இலவசமாகக் கிடைப்பவை. அவற்றில் பிளேஃபேர் டிஸ்பிளே என்பது இப்போது அழைப்பிதழ் வேலையில் அதிகம் பயன்படுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த கிளவுஸ் எகர்ஸ் சோரன்சன் வரைந்த நல்ல எழுத்து அது. தலைப்புக்கு என்றே வரையப்பட்டது. அதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. ஆகவே தமிழ் வரியைக் கணினி தன்னிடம் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்தில் நிரப்பிவிடும். அதன் எண்களும் இயல்பாகவே ஏறியும் இறங்கியும் அமைந்தவை: 3, 4, 5, 7, 9 ஆகியவை வரிக்குக் கீழே தொங்கும், 0 என்பது ஆங்கிலத்துச் சிறிய 'ஓ' போலத் தெரியும். நூல் நடையில் அது அழகு. அழைப்பிதழின் அடியில் சிறிய அளவில் கைபேசி எண்ணை அதில் போட்டால், முதியவர் ஒருவர் அதைப் பார்த்து எண்ணை அழுத்துவதற்குள் கண் களைத்துவிடும். நிமிர்ந்த எண்களும் அதே எழுத்துருவுக்குள் இருக்கின்றன. கேட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து உண்டு, அதைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய கோடு எங்கும் ஒரே கனம் உடையது. தடித்த பாகம், மெலிந்த பாகம் என்ற பிரிவு நம் எழுத்தின் பிறப்பில் இல்லை. ஆகவே எழுத்துக்கும் எழுத்துக்கும் வேறுபாடு காட்டும் அடையாளம் எந்தக் கோட்டிலும் இருக்கலாம். ஆங்கில முறையில் கிடைக்கோடுகளையும் முனைகளையும் மெலியச் செய்யும்போது, நம் எழுத்தில் எந்த நுனி பொருளைச் சுமக்கிறதோ அந்த நுனியே பெரும்பாலும் மெலிந்துபோகிறது. 'ழ' எழுத்தின் அடியில் வளையும் வால் மறைந்தால் எஞ்சுவது 'ம'. 'ர' எழுத்தின் கீழ்ச் சாய்வு மறைந்தால் அது துணைக்கால். 'கி', 'கீ' இரண்டையும் பிரித்துக் காட்டுவது மேலே உள்ள ஒரு சிறு சுழி. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடும் அப்படியே ஒரு சுழியில்தான் நிற்கிறது. சென்ற மாத இதழ் ஒன்றின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: 'கழிஞ்சூர்' என்பதன் இரண்டாம் எழுத்தில் வால் இல்லை, 'சோளிங்கர்' என்பதன் முதல் எழுத்தில் கொம்பின் மேற்சுழி மையில் அடைந்து, குறில்போல் நின்றது, 'அணைக்கட்டு' என்ற பெயரில் இரண்டு 'ட'கரங்களும் அடிக்கோடு இல்லாத வெறும் குச்சிகளாக இருந்தன. இந்த ஊர்க்காரர்களுக்கு ஊர்ப்பெயர் பழக்கமானது என்பதால் ஊகித்துப் படித்துவிடுவார்கள். ஆளின் பெயரையும் தெருவின் பெயரையும் ஊகிக்க முடியாது. பள்ளியில் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு ஊகம் என்பதே கிடையாது.

மெய்யெழுத்தின் புள்ளியையும் சொல்ல வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி இடாமலே விட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று தெரிந்துகொண்டார். அச்சு வந்து நிலைபெற்ற பிறகு அந்தத் தொல்லை நமக்கு நீங்கியது. தங்கள் புதிய எழுத்தில் புள்ளி ஓர் உருண்டைப் பொட்டாக, நன்றாகத் தெரியும்படி வரையப்பட்டிருக்கிறது. அதை வரைந்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சிறிய அளவில், அடுத்திருக்கும் இழைகள் மறைந்து, புள்ளியும் தூணும் மட்டும் எஞ்சும்போது வரி முழுவதும் நேர்க்கோடுகளும் பொட்டுகளுமாக மினுக்குகிறது.

செய்தித்தாள் காகிதத்தின் தன்மையை ஆசிரியர் குழுவுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 45 கிராம் எடையுள்ள, மேற்பூச்சு இல்லாத தாள் அது. மை அதில் ஊறிப் பரவும். கறுப்பு எழுத்தானால் தடித்த பாகம் மேலும் தடித்து, குறுகிய உள்வெளிகள் அடைபடும். இழையோ அச்சுத் தகடான பிளேட்டிலேயே பாதி போய்விட்டிருக்கும். வெள்ளை எழுத்தானால் சுற்றியுள்ள மை இழைக்குள் பாய்ந்து அதை மூடிவிடும். நான்கு வண்ணங்களும் சேர்ந்த அடர் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து விடும்போது, ரோட்டரி எந்திரத்தில் ரிஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், மயிரளவு விலகினாலே போதும், மெல்லிய கோடு முழுவதுமாகக் காணாமல் போகும். இரவு நேரத்தில் எந்திரத்தை ஓட்டும் தொழிலாளர்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. பழி அவர்கள் மேல் விழக்கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்த எழுத்துக்கு நம் வட்டாரத்திலேயே பொருத்தமான இடங்கள் நிறைய இருக்கின்றன. திருமண அழைப்பிதழில், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வழவழப்பான அட்டையில், மணமக்கள் பெயரை மட்டும் 36 பாயிண்டில், சுற்றிலும் நல்ல இடம் விட்டு இதில் அமைத்தால் அதைவிடக் கம்பீரமான எழுத்து வேறு கிடைப்பது அரிது. முகூர்த்த நேரமும் மண்டபத்தின் முகவரியும் சமமான கனமுள்ள எளிய எழுத்தில் இருக்கட்டும். தங்கத்தாள் ஒட்டி அச்சிடுவதென்றால், சூடு சற்றுக் கூடினால் உள்வெளி அடையும், குறைந்தால் இழை ஒட்டாது. ஆகவே எழுத்துருவிலேயே சற்றுக் கனமான வகையைத் தேர்வது நல்லது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்றுமதிக்குச் செல்லும் காலணிப் பெட்டியின் மூடிக்கு இது நன்றாகப் பொருந்தும். அதே பெயரைத் தோலின் மேல் அழுத்தி முத்திரையிடும்போது, வழவழப்பான தோலில் இழை நிற்கும், மணிமணியான மேற்பரப்புள்ள தோலில் நிற்காது. தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த செய்திதான்.

பலகைகளுக்கு வரும்போது மறுபடியும் கவலை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ், ஆங்கிலம், இந்தி, வங்காளம் என்று பல மொழிகளில் விடுதிப் பலகைகளும் மருந்துக்கடைப் பலகைகளும் இருக்கின்றன. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கும் குடும்பங்கள், நோயாளியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பலகைகளைத் தேடிப் படிக்கின்றன. அண்மைக் காலமாக அங்கும் இந்த மெல்லிய இழை எழுத்து வினைல் பலகைகளில் வந்திருக்கிறது. இரவில் பின்னாலிருந்து விளக்கு எரியும்போது இழைகள் ஒளியில் கரைந்துவிடுகின்றன. பலகை எழுதுபவர்கள் 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்று கணக்கு வைப்பார்கள், ஆனால் அந்தக் கணக்கு எழுத்தின் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு போடுவது. காட்பாடி சந்திப்பின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். மஞ்சளின் மேல் கறுப்பில், எங்கும் ஏறத்தாழ ஒரே கனமுள்ள எழுத்து. நகரும் ரயிலின் சன்னலிலிருந்தும் தவறில்லாமல் படிக்கலாம்.

இவ்வகை எழுத்து புதுமையைக் காட்டுகிறது, இளைய வாசகரை ஈர்க்கிறது என்று தங்கள் வடிவமைப்பாளர்கள் கூறக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஈர்க்கும் பணி தலைப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வாசகர் படிக்கத்தான் வருகிறார். கைபேசியில் மின்னிதழைத் திறப்பவர்களும் பக்கத்தை முழுதாகப் பார்க்கும்போது இதே இழைகள் மங்கிவிடுவதைக் கண்டிருப்பார்கள்.

எனவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. ஞாயிறு இணைப்பின் தலைப்புகளிலும் சிறப்பிதழ்களின் முகப்பிலும், 30 பாயிண்டுக்குக் குறையாத அளவில், வெள்ளைத் தளத்தின் மேல் இந்த எழுத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். படக்குறிப்பு, நிகழ்ச்சிப் பட்டியல், நீத்தார் நினைவு அறிவிப்பு, மின்தடை நேரம், இரத்ததானத்துக்கான தொடர்பு எண்கள் ஆகியவற்றைப் பழைய எழுத்துக்கே திருப்பிவிடுங்கள். சிறிய அளவிலும் இதே சாயல் வேண்டுமானால், எழுத்தை வரைந்தவரிடமே மெல்லிய கோடுகள் கனத்து, 'ழ', 'ர' ஆகியவற்றின் வாலும் கொம்பின் சுழியும் தெளிவாக நிற்கும் தனி வரைவு ஒன்றைக் கேட்டுப் பெறலாம். தமிழுக்கு அப்படி ஒரு வரைவு கிடைத்தால் எங்களைப் போன்ற சிறிய அச்சகங்களும் விலை கொடுத்து வாங்கக் காத்திருக்கின்றன. அடுத்த முறை எந்தப் புதிய எழுத்தையும் முடிவு செய்யுமுன், கணினித் திரையிலோ ஆர்ட் பேப்பர் புரூஃபிலோ பார்த்து முடிவு செய்யாமல், வேலூர் பதிப்பு அச்சாகும் எந்திரத்திலேயே, அன்றாடம் ஓடும் அதே தாளில் ஒரு பக்கம் ஓட்டி, கண்ணாடி அணியும் மூத்த வாசகர் சிலரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு எங்கள் அச்சகத்தின் உதவி தேவைப்பட்டால், எந்த நாளிலும் வந்து செய்துதரக் காத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
அச்சகம் நடத்தும் தங்கள் நெடுநாள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.